சாவுக்கு வரி இல்லை, தாமதம்தான் வரி!

பிழைப்புத் தேடி வடக்கே வந்த தமிழன் உயிரோடு இருக்கும்போது படும் பாட்டைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கூலி, குடியிருப்பு, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டம் போட்டிருக்கிறோம், மனு கொடுத்திருக்கிறோம். ஆனால் அவன் கண்ணை மூடிய பிறகு அவன் குடும்பம் படும் பாட்டைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. சாவு வீட்டில் காசுப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது நம் வழக்கம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அது சரிதான். பதினாறு மாதம் கழிந்த பிறகும் நாம் பேசாமல் இருந்தால், பேசுகிறவன் தரகனாகத்தான் இருப்பான்.

முப்பது நாற்பது ஆண்டுகள் ஆலையிலும், கப்பல் துறையிலும், ரயில்வேயிலும், தோல் கிடங்கிலும், இட்லிக் கடையிலும் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் ஒரு லட்சமோ ஐந்து லட்சமோ இருக்கும். வங்கியில் கொஞ்சம், வருங்கால வைப்பு நிதியில் கொஞ்சம், எல்.ஐ.சி.யில் கொஞ்சம், ஊரில் முக்கால் சென்ட் வீட்டுமனை. இவ்வளவுதான் தொழிலாளியின் ஆஸ்தி. இது அவன் பெண்டாட்டி பிள்ளைகள் கைக்கு வந்து சேர ஓராண்டு, ஈராண்டு, சில வீடுகளில் ஐந்தாண்டு ஆகிறது. அதற்குள் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். பிள்ளையின் படிப்பு நிற்கிறது. இது விதியல்ல, மனிதர்கள் செய்து வைத்த ஏற்பாடு. மனிதர்கள் செய்ததை மனிதர்கள் மாற்ற முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இல்லாத வரிக்கு ஏன் பயம்?

முதலில் ஒரு பொய்யை உடைப்போம். "செத்தவர் பணத்தை எடுத்தால் கவர்ன்மென்டு வரி பிடித்துக்கொள்ளும், நான் சரிக்கட்டித் தருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வீடு தேடி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு வரி ஒரு காலத்தில் இருந்தது உண்மை. 1953-இல் எஸ்டேட் டியூட்டிச் சட்டம் வந்தது. செத்தவர் விட்டுப்போன பெரிய சொத்துக்கு அரசு ஒரு பங்கு கேட்டது. அது பணக்காரன் வீட்டுக்கு வந்த சட்டம், நம் வீட்டுக்கு வந்ததல்ல. அதையும் 1985-இல் எடுத்துவிட்டார்கள். 1985 மார்ச் 16-ஆம் தேதியும் அதற்குப் பின்னும் நடந்த எந்தச் சாவுக்கும் எஸ்டேட் டியூட்டி கிடையாது. வாரிசாக வரும் பணம் வருமானமாகவும் கணக்கிடப்படுவதில்லை. இறந்தவரின் ஆயுள் காப்பீட்டுத் தொகை வாரிசுக்கு வந்தால் அதற்கும் வருமான வரி இல்லை.

அன்றைய நிதியமைச்சர் வி. பி. சிங் அந்த வரியை எடுக்கும்போது சொன்ன காரணத்தை நாம் மறக்கக் கூடாது. அந்த வரியால் கிடைப்பது சுமார் 20 கோடி ரூபாய்தான். அதை வசூலிக்கும் செலவோ அதிகம் என்றார். சரி, செலவுக்குக் கட்டுப்படாத வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் விதவைத் தாய் வங்கியில் கிடக்கும் மூன்று லட்சத்தை எடுக்கக் கோர்ட்டுக்குப் போனால், தொகையின் மதிப்பைப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று கோர்ட்டுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்களே, அது என்ன? பல மாநிலங்களில் அந்தக் கட்டணத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதாவது கோடிக்கணக்கில் விட்டுச் செத்தவன் குடும்பம் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். லட்சத்தில் விட்டுச் செத்தவன் குடும்பம் முழு விகிதமும் கட்ட வேண்டும். பணக்காரன் சாவுக்கு இருந்த வரி போய்விட்டது. ஏழை சாவுக்கு வரி வேறு பெயரில் நிற்கிறது.

அதையும் கட்டிவிடலாம். கட்ட முடியாதது இன்னொன்று, அதுதான் தாமதம். வாரத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டு அலுவலகத்தில் கியூவில் நிற்கிறாளே, அந்தக் கூலி வரி. மும்பைக்கும் ஊருக்கும் நாலு தடவை ரயில் ஏறுகிறார்களே, அந்த டிக்கெட் வரி. பணம் வரும் என்று நம்பி வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறார்களே, அதுவும் வரி. எந்தக் கஜானாவுக்கும் போய்ச் சேராத வரி இது.

அலுத்துப்போய் விட்டுவிடுகிறவர்கள் எத்தனை பேர்? கேட்பாரற்று வங்கிகளில் கிடந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்ட வைப்புத் தொகை 2025 ஜூன் முடிய 67,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. பத்து ஆண்டு யாரும் தொடாத கணக்கு அங்கே போகிறது. அத்தனையும் ஏழை பணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குவியலுக்குள் தாராவியிலும், அம்பர்நாத்திலும், கல்யாணிலும் இருந்து போன பாஸ்புக்குகள் இல்லை என்று யாராவது நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்!

இரண்டு ஊர், ஒரே பிணம்

எல்லா ஏழைக்கும் உள்ள தொல்லை நமக்கும் உண்டு. வெளியூர்த் தமிழனுக்கு அதற்கு மேல் ஒரு தொல்லை. இங்கே சாகிறான், வாரிசு அங்கே இருக்கிறது. அல்லது அங்கே சாகிறான், பணம் இங்கே இருக்கிறது.

தமிழ்நாட்டில் தாசில்தார் வாரிசுச் சான்று கொடுக்கிறார். அதற்கு வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் விசாரிக்க வேண்டும். "இவர் இந்த ஊரில் குடியிருக்கவே இல்லையே, ரேஷன் அட்டைகூட இங்கே இல்லையே, பம்பாயில் போய் வாங்குங்கள்" என்று அங்கே சொல்கிறார்கள். அங்கிருந்து இங்கே வந்தால் "தமிழ்நாட்டு ஆள்தானே, உங்கள் ஊர்த் தாசில்தாரிடம் வாங்கி வாருங்கள்" என்கிறார் வங்கி மேலாளர். அங்கே வாங்கி வந்தாலும், "இது தமிழில் இருக்கிறதே, மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு கொண்டு வாருங்கள்" என்று அடுத்த படி. பந்து இங்கும் அங்கும் உருளுகிறது. உதைபடுவது ஒரு விதவை.

ரயிலில் ஊருக்குப் போகும்போதே உயிர் போனவர்களும் உண்டு. ஓடும் வண்டியில் நடந்த சாவை, வண்டி முதலில் நிற்கும் இடத்தில் பதிய வேண்டும் என்பது விதி. சென்னைப் பாதையில் ராய்ச்சூரிலோ குந்தக்கல்லிலோ உடலை இறக்கினால், இறப்புச் சான்று கர்நாடகத்திலோ ஆந்திரத்திலோதான். மும்பையிலும் தேடி, ஊரிலும் தேடி, "பதிவே இல்லை" என்று இரண்டு இடத்திலும் கைவிரித்த பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட்டு அதிகாரம் உள்ளவரின் உத்தரவு வேண்டும். அது தனி அலைச்சல்.

இன்னொன்று, நம் பெயர். தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம். இங்குள்ள படிவங்களுக்கு அது புரிவதில்லை. பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிறார்கள். எஸ். முருகன் என்று வேலையில் சேர்ந்தவர் ஒரு காகிதத்தில் முருகன் சுடலைமுத்து ஆகிறார். இன்னொன்றில் சுடலைமுத்து முருகன் ஆகிறார். மூன்றாவதில் சாதிப் பெயரை ஒருவன் தானாகவே ஒட்டி வைக்கிறான். பேச்சியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத நாலு வழி இருக்கிறது; நாலும் நாலு காகிதத்தில் இருக்கும். நம் ழகரம் மராத்தியில் ஏறும்போது லகரமாகவும் ளகரமாகவும் மாறிப் போகும். உயிரோடு இருந்தவரை இவர்தான் அவர் என்று ஊருக்கே தெரியும். செத்த பிறகு "இந்த முருகனும் அந்த முருகனும் ஒருவர்தான்" என்று அபிடவிட்டு எழுதி ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

ரூம் விஷயமும் இதில் சேர்ந்ததுதான். 1976 கணக்கெடுப்பில் அப்பா பெயரில் கொடுத்த போட்டோ பாஸ், அப்பா செத்து இருபது ஆண்டாகியும் அப்பா பெயரிலேயே கிடக்கும். கரண்டு பில்லும் அவர் பெயரிலேயே வரும். 2024-இல் தாராவியில் கணக்கெடுப்பு தொடங்கி, ஆட்கள் கதவைத் தட்டியபோதுதான் "இது யார் பெயரில் இருக்கிறது?" என்ற கேள்வியே பல வீடுகளில் எழுந்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருக்கிறோம் என்று காட்டும் காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காகிதத்தில் இருக்கும் பெயருக்கும் நமக்கும் உள்ள உறவைக் காட்டும் காகிதத்துக்கும் அதே மதிப்பு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

பணம், வைப்புத் தொகை, பங்குப் பத்திரம் இவற்றுக்குக் கோர்ட்டு கொடுப்பது வாரிசுரிமைச் சான்று. நம்மவர்கள் பேச்சில் சக்சஷன் சர்டிபிகேட். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி வருவது. அதற்கு முன்பே 1889-இல் இதற்கென்று தனிச் சட்டம் இருந்தது. செத்தவருக்கு வரவேண்டிய பாக்கியை வசூலிப்பதை எளிதாக்கவும், பாக்கியைக் கொடுப்பவருக்குப் பாதுகாப்புத் தரவும்தான் அந்தச் சட்டம் வந்தது. எளிதாக்க வந்தது இன்று எப்படி இருக்கிறது பாருங்கள்! இது சுருக்க விசாரணை. சிக்கலான சட்டக் கேள்வி எழுந்தால்கூட, யாருக்கு முதல் பார்வையில் உரிமை அதிகம் என்று பார்த்துச் சான்று கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பத்தாண்டு இழுப்பதற்காகச் சட்டம் இதை எழுதவில்லை.

இரண்டு விஷயத்தை நம்மவர்கள் மனத்தில் பதிய வைக்க வேண்டும். ஒன்று, செத்தவர் கடைசியில் வழக்கமாகக் குடியிருந்த இடத்து மாவட்ட நீதிமன்ற எல்லையில் மனுப் போட வேண்டும். ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டவர் என்றால் ஊரில். இங்கேயே இருந்தவர் என்றால் இங்கே. வாங்கிய சான்று இந்தியா முழுவதும் செல்லும். இரண்டு ஊரில் இரண்டு வழக்குப் போடச் சொல்கிறவன் இரண்டு பீஸ் வாங்கத்தான் சொல்கிறான். இரண்டாவது, இந்தச் சான்று வீட்டுக்கும் நிலத்துக்கும் அல்ல. ஊரிலுள்ள மனைக்குப் பட்டா மாற்ற வேண்டும் என்றால் அது வேறு வழி. வீட்டையும் சேர்த்து மதிப்புப் போட்டுக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

நாமினி போட்டிருந்தால் கோர்ட்டுக்குப் போகாமலே பெரும்பாலான பணம் வந்துவிடும். ஆனால் நாமினி என்பவர் வாங்கிக் கொடுக்கும் கை. அவரே முழுச் சொந்தக்காரர் அல்ல. இதை உச்ச நீதிமன்றம் 1983-இல் ஒரு காப்பீட்டு வழக்கில் சொன்னது. 2023 டிசம்பரில் பங்குகள் பற்றிய வழக்கிலும் அதே கருத்தைச் சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு, நாமினியாக இருப்பது பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் என்றால் அவர்களுக்கே உரிமை. அண்ணன் பெயரை நாமினியாகப் போட்டுவிட்டுப் போன தம்பியின் குடும்பம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணன் பணத்தை வாங்கலாம், வைத்துக்கொள்ள முடியாது.

வருங்கால வைப்பு நிதியில் இன்னும் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போகிறது; புதிதாகப் போட வேண்டும். பதினெட்டு வயதில் வேலையில் சேரும்போது அம்மா பெயரைப் போட்டவர் அதை மறந்தே போகிறார். அந்த நிதியில் சேமிப்பு மட்டும் இல்லை; குடும்ப ஓய்வூதியம் உண்டு; காப்பீடும் உண்டு. 2021 முதல் அந்தக் காப்பீட்டின் உச்சத் தொகை 7 லட்சம் ரூபாய். அதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, முதலாளிதான் கட்டுகிறான். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வைப்பு நிதி பிடித்தம் இருந்தால் அவன் குடும்பத்துக்கும் அது உரியது. சேமிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு காப்பீட்டைக் கேட்காமலே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் விட்டவர்கள் யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார்கள்.

வங்கியில் நாமினி இல்லாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் கோர்ட்டு வேண்டாம். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை, வாரிசுத் தகராறும் உயிலும் இல்லையென்றால் எளிய காகிதங்களை வாங்கிக்கொண்டே தீர்க்க வேண்டும். இறப்புச் சான்று, அடையாளச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், ஈட்டுறுதிப் பத்திரம் போன்றவை. எல்லாக் காகிதமும் வந்து 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் தாமதத்துக்கு வங்கி வட்டி கட்ட வேண்டும். 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைத்தார்கள். நம் வட்டாரத்தில் எத்தனை கவுண்டரில் இதைத் தானாக எடுத்துச் சொல்கிறார்கள்? "சக்சஷன் சர்டிபிகேட் கொண்டு வா" என்று சொல்லி அனுப்புவது மேலாளருக்குச் சுலபம். தவறாகக் கொடுத்தால் அவர் வேலைக்கு ஆபத்து. கொடுக்காமல் விட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதுதான் தாமதத்தின் வேர். தாமதிப்பவனுக்கு நஷ்டம் வரும்படி விதி செய்தால்தான் கோப்பு நகரும். அந்த வகையில் வட்டி கட்டச் சொல்லும் இந்த உத்தரவு நல்ல தொடக்கம்.

வக்கீல்கள் பற்றி

வக்கீல் எல்லோரையும் திருடன் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. பீஸ் வாங்காமல் நம் தொழிலாளிக்காக வாதாடியவர்களை இந்தச் சங்கம் அறியும். தாமதத்தில் பாதி, நாம் காகிதம் கொண்டு போய்க் கொடுக்காததால் வருவதும் உண்மை. பத்திரிகை விளம்பரம், மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ், ஆட்சேபணைக்கு அவகாசம் என்று ஒழுங்காக நடந்தாலும் சில மாதங்கள் ஆகத்தான் செய்யும். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் "கிடைப்பதில் நூற்றுக்குப் பத்து" என்று பங்கு கேட்கும் வக்கீலைச் சட்டம் அனுமதிக்கவில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசுவதும், கிடைப்பதில் பங்கு வாங்குவதும் இந்திய பார் கவுன்சில் விதிப்படி கூடாது. "மிச்சப் பீஸைக் கொடுத்தால்தான் கட்டைத் தருவேன்" என்று கோப்பைப் பிடித்து வைப்பதும் கூடாது. பீஸ் பாக்கிக்காக வழக்குக் காகிதங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்திருக்கிறது. "தேதி வாங்கியிருக்கிறேன்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். மனுத் தாக்கலானதும் பதினாறு எழுத்துள்ள சி.என்.ஆர். எண் கிடைக்கும். அதை வாங்கி வீட்டில் எழுதி வையுங்கள். பத்தாவது படிக்கும் பிள்ளை செல்போனில் இ-கோர்ட்ஸ் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால், போன தேதியில் என்ன நடந்தது, அடுத்த தேதி எப்போது என்று வந்துவிடும். மனுவே போடாமல் "போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பீஸ் கொடுக்க வழியில்லாத தாய்மார்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவசமாக வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. பிச்சையல்ல, உரிமை. தலை நிமிர்ந்து கேளுங்கள்.

வருமான வரி பற்றியும் ஒரு வார்த்தை. செத்தவர் வருமான வரிக் கணக்குக் கொடுக்க வேண்டியவராக இருந்தால், அவர் இறந்த நாள் வரையுள்ள வருமானத்துக்கு வாரிசு கணக்குக் கொடுக்க வேண்டும். வரித்துறையின் தளத்தில் சட்டப்படி வாரிசு என்று பதிந்துகொண்டுதான் அதைச் செய்ய முடியும். அவருக்குத் திரும்ப வரவேண்டிய பிடித்தம் இருந்தால் அதுவும் அப்படித்தான் வரும். பாக்கி இருந்தால் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மட்டுமே வாரிசு பொறுப்பு. சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. "உங்கள் வீட்டுக்காரர் பாக்கிக்கு உங்கள் நகையை ஜப்தி செய்வார்கள்" என்று பயமுறுத்துகிறவனை வாசலோடு அனுப்புங்கள்.

நம் வீட்டுக்குள் இருக்கும் தாமதம்

அரசையும் வக்கீலையும் மட்டும் சாடிவிட்டு உட்கார்ந்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். உண்மை முழுதாக வராது.

இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு. பெற்ற தாய்க்குப் பங்கு உண்டு என்பது மும்பையில் இருக்கும் மருமகளுக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் சொல்வதில்லை. அந்தப் பெயரை விட்டுவிட்டு மனுப் போடுவார்கள். ஊரிலிருந்து மைத்துனன் ஆட்சேபணை போடுவான். வழக்கு அங்கே நின்றுவிடும். நிற்கும்போதே கிழவி இறந்துபோவாள். அவள் பங்கு அவளுடைய மற்ற மகன்களுக்கும் மகள்களுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் பிரியும். நாலு கையெழுத்தில் முடிய வேண்டியதற்கு இப்போது ஒன்பது கையெழுத்து வேண்டும். அதில் ஒருவர் சூரத்தில், ஒருவர் துபாயில். ஒளிக்காமல் முதல் நாளே கிழவியின் பெயரைச் சேர்த்திருந்தால் அவள் உயிரோடு இருக்கும்போதே முடிந்திருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் பங்கு முறை வேறு. பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவ விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. எந்தச் சட்டமானாலும், பங்குள்ள ஒருவரை மறைத்தால் தாமதம் நிச்சயம்.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். "தங்கச்சிக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்று சொல்லிப் பூர்வீக வீட்டில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நம்மிடம் சாதாரணம். 1989-இலேயே தமிழ்நாடு பெண்ணுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் ஆணுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005-இல் நாடு முழுதும் வந்தது. தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை, பிறப்பாலேயே உரிமை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு வீட்டில் தங்கையின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் தோழர்களைப் பார்த்துத்தான் கேட்கிறேன்: பங்கைக் கொடுத்தால் அடுத்த வாரமே முடியும் விஷயத்தை, கொடுக்காமல் இருப்பதற்காகத்தானே ஆறு ஆண்டு இழுக்கிறீர்கள்?

கடைசியாக, தரகர்கள். அவர்கள் அயல் மொழிக்காரர்கள் அல்ல. பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள்; "அண்ணாச்சி" என்று நாம் கூப்பிடுகிறவர்கள்; கருமாதிக்கு முன்வரிசையில் உட்காருகிறவர்கள். சிலர் சங்கங்களின் ரசீதுப் புத்தகத்தோடு திரிகிறவர்கள். மொழி தெரியாத தாயின் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏ.டி.எம். அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். "நம்ம ஆள்தானே" என்று நாம் கண்டும் காணாமல் இருந்தால், மொழியின் பெயரால் சங்கம் எதற்கு? தமிழன் தமிழனை ஏமாற்றுவதற்கு ஒரு சங்கம் தேவையா?

என்ன கேட்கிறோம், என்ன செய்யப் போகிறோம்?

நான் கோப்புகளோடு வேலை செய்கிற எழுத்தன். எந்த அலுவலகத்திலும் ஒரு கோப்பு எப்படித் தூங்குகிறது என்று மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தும் தெரியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறையை மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினால் போதும். அதைச் சரிசெய்து வந்ததும் அடுத்த குறை. ஐந்து குறைக்கு ஐந்து தடவை. யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் விதியை மீறவில்லை; ஆனால் ஓராண்டு போய்விட்டது.

ஆகவே முதல் கோரிக்கை: இறந்தவர் குடும்பத்தின் மனுவில் உள்ள எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில், எழுத்தில், தேதி போட்டு, குடும்பத்துக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். வங்கிக்கும் வைப்பு நிதி அலுவலகத்துக்கும் தாசில்தாருக்கும் எல்லோருக்கும் இது பொருந்த வேண்டும். அடுத்து, சிறு தொகைக்கான வாரிசுரிமைச் சான்றுக்குக் கோர்ட்டுக் கட்டணத்தை அடியோடு எடுக்க வேண்டும். 1985-இல் பெரிய சொத்துக்குக் காட்டிய கருணையை விதவையின் சேமிப்புக்கும் காட்டட்டும். வெளிமாநிலத்தில் இறந்த தமிழருக்கு வாரிசுச் சான்று கொடுக்க முடியாது என்று எந்தத் தாசில்தாரும் வாய்மொழியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. இந்தக் காரணத்தால் முடியாது, இங்கே போ என்று எழுதிக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு உத்தரவிட வேண்டும். இறந்தவர் ஒருவரே என்று காட்ட, பெயர் வேறுபாட்டுக்கு ஒரே ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை எல்லா அலுவலகங்களும் ஏற்க வேண்டும்.

சட்டம் மாறாது என்று சொல்லாதீர்கள். மும்பை, சென்னை, கல்கத்தா நகரங்களில் உயிலுக்குக் கோர்ட்டில் புரோபேட் வாங்கியே தீர வேண்டும் என்றிருந்த வெள்ளைக்காரன் காலத்துக் கட்டாயத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியிருக்கிறது. உயில் எழுதி வைக்கும் அளவுக்குச் சொத்துள்ளவர்களுக்கு ஒரு வழி திறந்தது. உயில் எழுதாமலே சாகும் கோடிக்கணக்கானவர்களுக்கும் வழி திறக்கட்டும்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜை போட்டு உட்காரட்டும். படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் இருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், மராத்தி எழுதத் தெரிந்த ஒரு பெண் போதும். வருகிற ஒவ்வொருவரிடமும் சாவு நடந்த பிறகு கேட்க வேண்டியதை இப்போதே கேட்போம்: பாஸ்புக்கில் யார் நாமினி? கல்யாணத்துக்குப் பிறகு மாற்றினீர்களா? எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? ரூம் யார் பெயரில் இருக்கிறது? வங்கி 15 நாளில் தீர்க்காவிட்டால் எழுத்தில் புகார் கொடுப்போம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அனுப்புவோம், அதற்குக் கட்டணம் இல்லை. அரசு அலுவலகத்தில் கோப்பு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டப்படி கேட்போம். ஒரு பைசா கமிஷன் வாங்கினாலும் அவர் சங்கத்தில் இருக்க முடியாது என்று அந்த மேஜையின் முன்னால் தட்டியில் எழுதி வைப்போம்.

தோழர்களே, தாய்மார்களே! இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸ்புக்கையும் வைப்பு நிதிச் சீட்டையும் வெளியே எடுங்கள். வீட்டுக்காரர் உயிரோடு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேளுங்கள். அபசகுனம் என்று அவர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். நாமினி பெயரைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.